மெருகேற்றிய பழமை: தொன்மைத் துவக்குகளின் பெயரால் இணையச் சந்தையில் நிகழும் மோசடிகள்

துவக்கு என்பது கிழக்கிலங்கை விவசாயிக்குப் புதிய சொல் அன்று. இறக்காமம் முதல் வரிப்பத்தான்சேனை வரை பரந்து கிடக்கும் வயல்வெளிகளில் காட்டு யானைக்கும் பன்றிக்கும் அஞ்சிப் பரணில் கண்விழித்திருக்கும் எந்தப் போடியாரும் அதன் பெறுமதியை அறிவார். துருக்கி மொழியிலிருந்து புறப்பட்டு, தமிழில் துவக்கு என்றும் துப்பாக்கி என்றும், சிங்களத்தில் துவக்குவ என்றும் நிலைபெற்ற இச்சொல்லைப் போலவே, அக்கருவியும் பல தேசங்களைக் கடந்து வந்து எமது மக்களின் வாழ்வில் இடம்பிடித்தது. பாட்டனார் காலத்து இடியன் துவக்கு, பித்தளைப் பூணிட்ட பழைய குழல், துருவேறிய வாள் ஆகியவை சில வீடுகளின் மூலையில் இன்றும் கிடக்கக் கூடும்.

அண்மைக் காலம் வரை இவற்றை எவரும் பொருட்படுத்தியதில்லை. இணையம் வீட்டுக்கு வீடு வந்த பின்னர் நிலைமை மாறியுள்ளது. கையடக்கத் தொலைபேசியில் ஒரு படத்தை எடுத்து அனுப்பினால் இலட்சக்கணக்கில் விலை பேசும் குரல்கள் எங்கிருந்தோ ஒலிக்கின்றன. வலம்புரிச் சங்கு, கஜமுத்து என்று கூறி ஏமாற்றுவோரும் ஏமாறுவோரும் கிழக்கு மாகாணத்திலும் பொலிஸாரிடம் அகப்படும் செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். அதே வலையின் இன்னொரு கண்ணிதான் தொன்மைத் துவக்கு வியாபாரம். உலகெங்கும் இவ்வியாபாரத்தில் நிகழும் மோசடிகளின் தன்மையையும், நமது நாட்டில் இதனால் எழக்கூடிய சட்டச் சிக்கல்களையும் வாசகர்கள் அறிந்திருப்பது அவசியமாகும்.

பெறுமதி எதில் தங்கியுள்ளது?

பழைய பாத்திரத்தை ஈயம் பூசிப் பளபளப்பாக்கினால் அதன் விலை கூடும் என்பது நமது பொதுவான அனுபவம். தொன்மைத் துவக்குகளைச் சேகரிப்போரின் உலகில் இதற்கு நேர்மாறான விதியே நிலவுகிறது. தொழிற்சாலையில் முதன்முதலாக இடப்பட்ட மெருகு எவ்வளவு எஞ்சியிருக்கிறதோ அவ்வளவே அதன் விலை. அமெரிக்காவின் தேசிய றைபிள் சங்கம் வகுத்த தர அளவீட்டின்படி, தொன்மைத் துவக்கு ஒன்று "மிகச் சிறந்தது" எனப்பட வேண்டுமானால் அதன் பாகங்கள் யாவும் மூலப் பாகங்களாக இருப்பதுடன், மூல மெருகில் நூற்றுக்கு 80 வீதத்துக்கு மேல் எஞ்சியிருக்கவும் வேண்டும். அடுத்த தரமான "சிறந்தது" என்பதற்கு 30 வீதத்துக்கு மேல் எஞ்சியிருந்தால் போதும். இவ்விரு தரங்களுக்கும் இடைப்பட்ட விலை வித்தியாசம் பல மடங்காகும்.

அந்த மெருகு என்பது வெறும் வர்ணப் பூச்சன்று. இரும்பின் மேற்பரப்பைக் கட்டுப்பாடான முறையில் ஒட்சியேற்றி, கருநீல நிறமுள்ள ஒரு மெல்லிய படையை உருவாக்குவதே நீல மெருகு. அதற்கு முந்திய காலத்தில் மெதுவாகத் துருப்பிடிக்கவைத்துத் தேய்த்துப் பெறும் கபில மெருகு வழக்கிலிருந்தது. எலும்புக் கரி, தோற்கரி என்பவற்றினிடையே வைத்துச் சூடாக்கித் தண்ணீரில் தோய்க்கும்போது இரும்பின் மேற்பகுதி கடினமாவதுடன், நீலமும் செம்மஞ்சளும் கலந்த வண்ண மேகங்களும் அதில் தோன்றும். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் கைபட்டும் காற்றுப்பட்டும் இவை மங்குவது இயல்பு. அவ்வாறு மங்கும் முறைக்கும் ஓர் ஒழுங்குண்டு. கைபடும் இடமும் உறையில் உராயும் முனையும் முதலில் தேயும். மறைவான பள்ளங்களில் பழைய நிறம் தங்கி நிற்கும். இந்த ஒழுங்கே அப்பொருளின் வாழ்க்கை வரலாறு.

இதற்கு அப்பால் இன்னொரு பெறுமதியும் உண்டு. அதுவே உரிமை வரலாறு. அமெரிக்க மேற்குப் பிரதேசத்தின் பிரபல கொள்ளையன் பில்லி த கிட் என்பவனை 1881 ஜூலையில் ஷெரிப் பற் கரற் சுட்டுக் கொன்ற கோல்ற் கைத்துப்பாக்கி, 2021 ஓகஸ்டில் பொன்ஹாம்ஸ் ஏலத்தில் 60 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அதே தொழிற்சாலையில், அதே ஆண்டில், அதே மாதிரியில் தயாரான இன்னொரு துப்பாக்கிக்கு அந்த விலையின் சிறு துளியும் கிடைக்காது. ஆக, இரும்புக்கும் மரத்துக்கும் அன்றி, அவற்றோடு இணைந்து வரும் சான்றுகளுக்கே பணம் கொடுக்கப்படுகிறது. சான்றுக்குப் பணம் கிடைக்கும் இடத்தில் பொய்ச்சான்று முளைப்பது எதிர்பார்க்கத் தக்கதே.

மறைப்பின் வழிகள்

பழைய துவக்கைப் புதுப்பிப்பது தன்னளவில் குற்றமன்று. துரு அரித்துத் தின்னும் பொருளைக் காப்பாற்றுவதற்காகவும், வம்சச் சொத்தை அழகுபடுத்தி வைப்பதற்காகவும் பலர் அதனைச் செய்கின்றனர். புதுப்பித்ததைச் சொல்லாமல் மறைத்து, மூல நிலையில் உள்ளதென விற்கும்போதுதான் மோசடி தொடங்குகிறது.

இதன் முதல் வழி மீள்மெருகு. துருக்குழிகளை நீக்குவதற்காகக் குழலை அரத்தால் தேய்த்து, மீண்டும் நீல மெருகிடுவர். ஆனால், தேய்த்த இரும்பு தேய்ந்ததே. கூர்மையாக இருக்க வேண்டிய விளிம்புகள் உருண்டுவிடும். திருகாணித் துளைகளின் ஓரம் கிண்ணம்போற் குழியும். தொழிற்சாலை முத்திரையின் எழுத்துகள் ஆழமிழந்து மங்கும். மரப்பிடியைத் தேய்த்தால் மரம் தாழ்ந்து, அதனோடு சமமாக இருக்க வேண்டிய இரும்புத் தகடு மேலே துருத்தி நிற்கும். மங்கிய முத்திரையின் மீது குறையில்லாத புது நீலம் பளபளக்குமாயின் அறிந்தவர் கண்ணுக்கு அதுவே போதிய சாட்சி.

இரண்டாவது வழி இதற்கு எதிரானது. புதிய பொருளைப் பழையதாக்குவர். 1847 இல் தயாரான வோக்கர் மாதிரிக் கோல்ற் துப்பாக்கிகள் ஏறத்தாழ 1,100 மாத்திரமே. அவற்றின் பிரதிகள் இத்தாலியில் இன்று சட்டபூர்வமாகத் தயாராகின்றன. அப்பிரதிகளில் உள்ள இத்தாலியச் சோதனை முத்திரைகளை அராவி நீக்கி, அமிலத்தாலும் உப்பு நீராலும் அரித்து, மரத்தில் எண்ணெயும் கரியும் தேய்த்து முதுமையை வரவழைப்போர் உள்ளனர். அவசரத்தில் வந்த துரு பெரும்பாலும் செந்நிறமாகவும் எங்கும் ஒரே சீராகவும் காணப்படும். காலத்தால் வந்த துருவோ ஆழ்ந்த கபில நிறமும் இடத்துக்கு இடம் வேறுபாடும் உடையது.

மூன்றாவது வழி, ஒன்றின் குழலையும் இன்னொன்றின் பொறியையும் வேறொன்றின் பிடியையும் சேர்த்து ஒரு முழுத் துவக்காக்குவது. உடலும் தலையும் வெவ்வேறான சிலையை ஒரே சிலையெனக் காட்டுவதற்கு இது ஒப்பாகும். 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சக்கிமுக்கிக்கல்லால் தீயூட்டும் பொறிகள் பல, கேப்பு வைத்து வெடிக்கும் பொறிகளாக மாற்றப்பட்டன. சக்கிமுக்கிப் பொறிக்கே இன்று சேகரிப்போர் மத்தியில் மதிப்பு அதிகம் என்பதால், மாற்றப்பட்ட துவக்கை மீண்டும் பழைய நிலைக்கு மாற்றி, ஒருபோதும் மாற்றப்படாதது போல விற்பதும் நிகழ்கிறது. தொடரிலக்கத்தை அழித்து மதிப்புள்ள வேறோர் இலக்கத்தைப் பொறிப்பது நான்காவது வழி. தயாரிப்பு நிறுவனங்களின் பழைய பதிவேடுகளைப் பார்ப்பதே இதற்கு மாற்று மருந்து. வின்செஸ்டர் நிறுவனத்தின் பழைய பதிவேடுகள் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள கோடி நகர அருங்காட்சியகத்தில் பேணப்படுகின்றன. கோல்ற் நிறுவனமும் கட்டணம் பெற்றுக்கொண்டு பதிவேட்டுக் கடிதம் வழங்கிவருகிறது.

கைபர் கணவாயின் பாடம்

இத்தகைய மோசடிகள் இணையத்தோடு பிறந்தவை அல்ல. அமெரிக்க மேற்கின் புகழ்பெற்ற சட்ட அலுவலரான பற் மாஸ்ரர்சன், முதுமையில் நியூயோர்க்கில் வாழ்ந்தபோது, அடகுக் கடையில் பழைய கைத்துப்பாக்கிகளை வாங்கி, அவற்றின் பிடியில் வெட்டுக்குறிகள் இட்டு, தாம் பயன்படுத்தியவை என ஆர்வலர்களுக்குக் கொடுத்தார் என்றொரு கதை வழங்குகிறது.

நமக்கு அண்மித்த உதாரணம் பாகிஸ்தானில் உள்ளது. பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் இடையிலுள்ள தர்ரா ஆதம் கேல் என்ற ஊர், கையால் துவக்குச் செய்யும் தொழிலுக்குப் பல தலைமுறைகளாகப் பேர்பெற்றது. பிரித்தானிய இராணுவம் 1871 இல் ஏற்றுக்கொண்ட மார்டினி ஹென்றி றைபிள் உட்பட எதனையும் பார்த்துச் செய்யும் கைத்திறன் அங்குள்ள கொல்லர்களுக்கு உண்டு. 2001 இன் பின்னர் ஆப்கானிஸ்தானில் நிலைகொண்டிருந்த மேலைநாட்டுப் படையினர், கடைவீதிகளில் விற்கப்பட்ட இத்துவக்குகளை விக்டோரியா காலத்துப் போர்ச் சின்னங்கள் என நம்பி வாங்கிச் சென்றனர். அவை பின்னர் இணையச் சந்தைகளிலும் வலம்வந்தன. அவற்றில் பலவற்றைக் காட்டிக் கொடுத்தது எழுத்துப் பிழையே. ஆங்கிலம் அறியாத கொல்லர் முத்திரையைப் படமாகப் பார்த்து வெட்டியதால் சில எழுத்துகள் இடம்வலம் மாறி நின்றன. விக்டோரியா மகாராணி 1901 ஜனவரியில் காலமானார். அவரது பெயர் முத்திரையின் கீழ் அதற்குப் பிந்திய ஆண்டுகள் பொறிக்கப்பட்ட துவக்குகளும் காணப்பட்டன. கொல்லரின் உழைப்பு இகழத்தக்கதன்று. அந்த உழைப்புக்குப் பொய்யான பிறப்புச் சான்று எழுதி விற்றவரே குற்றவாளி.

இணையம் இதில் புதிதாகச் சேர்த்தது தூரத்தையும் வேகத்தையும்தான். வாங்குபவர் பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க முடியாது. விற்பவர் காட்டும் கோணமே அவர் காணும் கோணம். பிரகாசமான விளக்கொளி தேய்ந்த விளிம்பை மறைக்கும். வேறொருவருடைய படத்தைத் திருடிப் போட்டு முற்பணம் பெற்று மறைவோரும் உளர். "எனக்குத் தெரிந்தவரை மூல நிலையில் உள்ளது", "பழைய வீடொன்றில் கிடைத்தது", "உள்ளவாறே விற்கப்படுகிறது, திருப்பி ஏற்கப்படமாட்டாது" என்ற வாசகங்கள் பொய்யைச் சொல்லாமலே பொய்யை நம்பவைக்கும் வல்லமை கொண்டவை. ஈபே நிறுவனம் 1999 இலேயே சுடுகலன் விற்பனையைத் தனது தளத்தில் தடைசெய்தது. தனிநபர்கள் தமக்குள் சுடுகலன்களை விற்பதை முகநூல் 2016 ஜனவரியில் தடுத்தது. ஆயினும் மூடிய குழுக்களிலும் மறைமொழிகளிலும் பேரம் தொடரவே செய்கிறது.

நாடுகளின் சட்டங்களும் மோசடிக்கு ஒரு தூண்டுதலாகின்றன. 1968 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தின்படி 1898 ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ தயாரானது தொன்மைப் பொருள். நவீன துப்பாக்கிக்குரிய கட்டுப்பாடுகள் பல அதற்கு இல்லை. ஆகவே ஆண்டைத் திரித்தால் விலையும் கூடும், சட்டமும் விலகும். பிரித்தானியாவில் பழைய கைத்துப்பாக்கிகள் குற்றவாளிகளின் கைகளுக்குச் சென்றதையடுத்து, 2021 மார்ச்சில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. 1939 செப்டெம்பர் முதலாம் திகதிக்கு முன்னர் தயாரானவையே தொன்மையானவை என அவை வரையறுத்ததுடன், வழக்கொழிந்தவை எனக் கருதப்பட்ட தோட்டா வகைகள் சிலவற்றையும் சலுகைப் பட்டியலிலிருந்து நீக்கின.

நிபுணர் வேடமும் நாயகர் பெயரும்

ஏமாறுபவர் எப்போதும் வாங்குபவர் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற பழம்பொருள் மதிப்பீட்டு நிகழ்ச்சியில் இராணுவப் பழம்பொருள் நிபுணர்களாகத் தோன்றிய இருவர்மீது 2001 இல் வழக்குத் தொடரப்பட்டது. தமது நம்பகத்தன்மையை வளர்ப்பதற்காக 1997 இல் அவர்கள் ஒரு வாளின் மதிப்பீட்டையே முன்கூட்டி ஒத்திகை பார்த்து நடித்தமை அம்பலமாயிற்று. அந்தப் புகழை நம்பி வந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களின் வழித்தோன்றல்களிடம், பொருள் அருங்காட்சியகத்துக்குச் செல்லும் எனக் கூறிக் குறைந்த விலைக்கு வாங்கி, மிகப் பெரும் இலாபத்துக்கு விற்றனர். இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அவர்களுள் ஒருவருக்கு 2002 இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதோடு, பெருந்தொகையான நட்டஈடு வழங்கவும் உத்தரவிடப்பட்டது. பழம்பொருளின் பெறுமதி அறியாத கிராமத்துக் குடும்பத்துக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை. பொருளை மதிப்பிடுபவரே அதனை வாங்குபவராகவும் இருந்தால், அந்த மதிப்பீட்டை நம்பலாகாது.

பெருமைக்குரிய ஒரு பெயரும் இவ்வாறே வலையாகக் கூடும். மைசூர் வேங்கை திப்பு சுல்தான் 1799 மே 4 ஆம் திகதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீரமரணம் எய்தியபின், அவரது மாளிகையும் ஆயுதசாலையும் கொள்ளையிடப்பட்டன. அவருடைய ஆயுதங்கள் இங்கிலாந்தின் வீடுகளெங்கும் சிதறின. 2019 மார்ச்சில் கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி ஒருவரின் வம்சத்தார் வசமிருந்த திப்பு காலத் துவக்கும் வாள்களும் பேர்க்ஷயரில் ஏலம்விடப்பட்டன. 2023 மே மாதம் லண்டன் பொன்ஹாம்ஸ் ஏலத்தில் அவரது வாளொன்று ஒரு கோடியே 40 இலட்சம் பவுணுக்கு விற்பனையானது. இத்தகைய விலைகள் பேசப்படும்போது, சாதாரண இந்தியத் துவக்கொன்றில் புலித் தலையையும் புலிக்கோட்டையும் பொறித்தால் போதும் என்ற சபலம் எழவே செய்யும். திப்பு 1780களின் பிற்பகுதியில் ஹிஜ்ரி ஆண்டுக்குப் பதிலாக மௌலூதி என்னும் தனியான ஆண்டுக்கணக்கைப் புகுத்தியவர். அரச பட்டறைகளில் அதன்பின் தயாரான துவக்குகளை ஆராய்வோர் இத்தகைய நுணுக்கங்களைக் கொண்டே மெய்யையும் பொய்யையும் பிரித்தறிகின்றனர். நாயகர்மீது கொண்ட பற்று, பொருள்மீதான பரிசோதனைக்குப் பதிலாகாது.

நம் நாட்டின் முன்மாதிரி

உரிமை வரலாற்றை எவ்வாறு தேடவேண்டும் என்பதற்கு நமது நாட்டின் பொருளொன்றே உலகுக்கு முன்மாதிரியாகியுள்ளது. கண்டியில் நாயக்கர் வம்சத்து முதல் மன்னனான ஸ்ரீ விஜய ராஜசிங்கனின் காலத்தில், 1745 அளவில், லெவ்கே திசாவை மன்னருக்கு வழங்கிய அலங்காரப் பீரங்கி, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்தது. 1765 இல் ஆளுநர் வான் எக்கின் தலைமையில் கண்டி மாளிகையைச் சூறையாடிய ஒல்லாந்தர் அதனைக் கொண்டு சென்றனர். நெதர்லாந்தின் றைக்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் காட்சிக்கு இருந்த அப்பீரங்கியின் பூர்வீகத்தை, அதன் மீதுள்ள சிங்களக் கல்வெட்டெழுத்து, கம்பனியின் ஆவணங்கள், வேலைப்பாடு ஆகியவற்றைக் கொண்டு இரு நாட்டு ஆய்வாளர்களும் கூடி ஆராய்ந்தனர். 2023 ஜூலையில் நெதர்லாந்து அரசு இந்தோனேசியாவுக்கும் இலங்கைக்கும் 478 பொருட்களைத் திருப்பியளிக்கத் தீர்மானித்தது. இலங்கைக்குரிய ஆறு பொருட்கள் அவ்வாண்டு டிசெம்பரில் கொழும்பு தேசிய நூதனசாலையை வந்தடைந்தன. பீரங்கியோடு, இரு கஸ்தானை வாள்கள், ஒரு கத்தி, இரண்டு பெருந்துவக்குகள் என்பன அவற்றுள் அடங்கும்.

கீறலும் தேய்வும் எழுத்தும் அழியாது இருந்தமையாலேயே அப்பொருட்கள் தமது கதையைச் சொல்ல முடிந்தது. யாரோ ஒருவர் விலைக்காக அவற்றைத் தேய்த்து மெருகிட்டிருப்பாராயின், அவை எந்த நாட்டுக்கு உரியவை என்று நிறுவுவதே கடினமாகியிருக்கும். மெருகேற்றும் மோசடிக்காரன் ஒருவரின் பணத்தை மட்டும் திருடுவதில்லை; ஒரு சமூகத்தின் சாட்சியையும் அழித்துவிடுகிறான்.

சட்டம் கூறுவது

நமது வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இலங்கையின் சட்ட நிலைமையை ஆகும். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றிச் சுடுகலன் வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றம். 1996 ஆம் ஆண்டின் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. உள்ளூரில் செய்யப்பட்ட இடியன் துவக்குகளுடன் விவசாயிகள் கைதாவது நாமறிந்ததே. "இது பழையது, சுடாது, பாட்டனாருடையது" என்ற விளக்கம் தம்மைக் காப்பாற்றும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. வெளிநாட்டு இணையச் சந்தையில் கட்டுப்பாடின்றி விற்கப்படுவது நமது சுங்கத்தில் சட்டவிரோத ஆயுதமாகலாம்.

மறுபுறம், 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2 ஆம் திகதியை எல்லையாகக் கொண்டது. அதற்கு முந்திய தொல்பொருளை, தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. மண்ணைத் தோண்டும்போது கிடைப்பதை அறிவிப்பதும் கடமையாகும். 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டமும் ஏற்றுமதிக்கும் வியாபாரத்துக்கும் அனுமதிப்பத்திரத்தை வலியுறுத்துகிறது. ஆகவே பொருள் போலியாயின் அது மோசடி. உண்மையாயின் அனுமதியற்ற விற்பனை குற்றம். இரு வழியாலும் சிக்கிக்கொள்பவர் படத்தை அனுப்பிய ஏழைக் குடியானவரே. முற்பணம் கொடுத்து ஏமாந்தவரும் பொலிஸ் நிலையம் செல்லத் தயங்குவார்; முறைப்பாட்டின் முதல் வரியிலேயே அவர் தன்னையும் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும். மோசடிக்காரரின் துணிச்சலுக்கு இந்த மௌனமே மூலதனம்.

சந்தையின் அறம்

குறையை மறைத்து விற்பதைப் பற்றி இஸ்லாமிய வணிக நெறி மிகத் தெளிவாகப் பேசுகிறது. மதீனாச் சந்தையில் தானியக் குவியலொன்றினுள் கைவிட்டுப் பார்த்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அடியில் ஈரம் இருக்கக் கண்டு, மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கண்டித்த சம்பவத்தை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. மறைந்திருந்த குறை பின்னர் தெரியவந்தால் வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமையை இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் வாங்குபவருக்கு வழங்கியுள்ளனர். கொள்வது மிகையாகாமலும் கொடுப்பது குறையாமலும் வணிகம் செய்த பூம்புகார் வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. ஈரமான தானியத்தின் மேல் உலர்ந்ததைப் பரப்புவதும், துருவின் மேல் மெருகைப் பரப்புவதும் ஒரே செயலே.

செய்ய வேண்டியவை சிலவே. வீட்டில் பழைய துவக்கோ வாளோ இருக்குமாயின் அதனைத் தேய்க்கவோ மெருகிடவோ கூடாது. படமெடுத்து முகநூலில் இடவும் கூடாது. சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையுடன் பொலிஸ் நிலையத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ அறிவித்து, தொன்மையானதாயின் தொல்பொருளியல் திணைக்களத்தின் கருத்தைப் பெறுவதே முறை. அப்பொருள் பற்றி மூத்தோர் சொல்லும் செய்திகளைப் பெயர், இடம், ஆண்டு சகிதம் எழுதிவைப்பது அதனினும் பயனுள்ள பணியாகும். வெளிநாடுகளில் வாழும் நம்மவர், அங்கு சட்டபூர்வமாகப் பழம்பொருள் சேகரிப்பவராயின், பொருள் மீள்மெருகு செய்யப்பட்டதா, பாகங்கள் மாற்றப்பட்டனவா என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். திருகாணி, விளிம்பு, முத்திரை, உட்புறம் ஆகியவற்றின் படங்களை இயற்கை வெளிச்சத்தில் கோர வேண்டும். திருப்பிக் கொடுக்கும் உரிமையை எழுத்தில் தராத விற்பனையாளருக்கு முற்பணம் அனுப்பலாகாது.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் விவசாய அமைப்புகளும் வலம்புரி, கஜமுத்து மோசடிகள் குறித்து இளைஞர்களை எச்சரிக்கும்போது இதனையும் சேர்த்துச் சொல்வது நலம். தொல்பொருளியல் திணைக்களமும், தம்மிடமுள்ளதை அச்சமின்றி அறிவிக்க முன்வரும் குடும்பங்களுக்குத் தமிழிலேயே வழிகாட்டக்கூடிய ஏற்பாட்டை அம்பாறை மாவட்டத்தில் செய்ய வேண்டும். அறிவிப்பதற்கு நேரிய வழி இருந்தால்தான், இரவில் தொலைபேசியில் அழைத்து விலை பேசும் அந்நியரின் வழி அடைபடும்.